இல்லை என்று சொல்வதற்கு முன்: கட்டளைத்திரையும் தமிழ்ச் சொல்தேடலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடைக்கு உரிய பொருள்கள் இவை என நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. அகத்திணை மாண்பு, காப்பிய நயம், வள்ளுவம் காட்டும் வாழ்வியல் என்றாற்போல அமையும் தலைப்புகள் அவை. நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் சற்று விலகியது. கணினியில் சொல் தேடும் கருவி ஒன்றை எவ்வாறு நிறுவுவது, நிறுவியதை நம் தேவைக்கு ஏற்ப எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதைச் சொல்ல வந்துள்ளேன். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், ‘இது கணினித் துறையார் பேச வேண்டியதாயிற்றே’ என்றார். தமிழ்த் துறையார் பேச வேண்டியதே என்பது என் கருத்து.

ஆய்வேடுகளைப் படித்து மதிப்பிடும் பொறுப்புடையோர் அண்மைக்காலமாக ஒரு தொடரை அடிக்கடி காண்கின்றனர். ‘இச்சொல் சங்க இலக்கியத்தில் யாண்டும் ஆளப்படவில்லை’ என்பது அத்தொடர். முற்காலத்தில் இவ்வாறு எழுதத் துணிந்தவர், பாட்டும் தொகையும் ஆகிய 2381 பாடல்களையும் ஒருமுறைக்குப் பன்முறை ஓதியவராக இருப்பார். அல்லது அச்சிட்ட சொல்லடைவைப் புரட்டிப் பார்த்தவராக இருப்பார். இன்று எழுதுவோருள் பலர் தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை இட்டு, விடை வாராமை கண்டு, அதனையே சான்றாகக் கொள்கின்றனர். விடை வாராமைக்குச் சொல் இல்லாமை ஒரு காரணம். வேறு காரணங்களும் பல உள. அவற்றை விலக்கிய பின்னரே ‘இல்லை’ எனும் உரிமை நமக்கு வரும். அவ்வுரிமையை எவ்வாறு பெறுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல்லடைவு என்பது நமக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்த்தமைத்தார். 1966இல் சென்னைப் பல்கலைக்கழகம் ந. சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் நூல்களின் அடைவை வெளியிட்டது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொணர்ந்தது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகிய செருமானிய அறிஞர் இருவரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் வெளிவந்தது. இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கே இவற்றின் பின்னுள்ள உழைப்பு புரியும். ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, இனம் கண்டு, இடம் குறித்து, அகர வரிசைப்படுத்திய உழைப்பு அது.

கணினியில் சொல் தேடும் கருவிகளின் மூதாதையாகிய ‘கிரெப்’ தோன்றிய வரலாறு இலக்கிய மாணவர் அறியத்தக்கது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அங்குப் பணியாற்றிய லீ மக்மேகன் என்பார் ஓர் இலக்கியச் சிக்கலில் ஈடுபட்டிருந்தார். 1787, 1788ஆம் ஆண்டுகளில், அமெரிக்க அரசியல் சட்டத்தை ஏற்குமாறு வேண்டி, ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியோர் ஆமில்டன், மேடிசன், ஜே என்னும் மூவர். அவற்றுள் பன்னிரண்டு கட்டுரைகள் ஆமில்டனுடையனவா, மேடிசனுடையனவா என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்டது. நம்மிடையே ஒரு பெயரில் புலவர் பலர் இருந்தமை குறித்து நிகழும் வழக்கினை இது ஒக்கும். கட்டுரைகளின் சொல்லாட்சியை ஆராய விரும்பிய மக்மேகனுக்கு, அன்றிருந்த பதிப்பான் அத்துணைப் பெரிய பனுவலை ஏற்காமை தடையாயிற்று. அப்பதிப்பானிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தாம்சன் தனியே பிரித்தெடுத்துக் கொடுத்தார் எனவும், அதுவே கிரெப் ஆயிற்று எனவும் பிரையன் கெர்னிகன் கூறுவார். அது யூனிக்சில் இடம்பெற்ற ஆண்டு 1973. ஆசிரியர் யார் என்னும் இலக்கிய வினாவுக்கு உதவியாக அமைந்த கருவியை நாம் பிறர் பொருள் என ஒதுக்குவது முறையாகுமா?

இனிக் கருவிக்கு வருவோம். கணினியில் படங்களைச் சுட்டி வேலை வாங்குவது ஒரு முறை. எழுத்தால் கட்டளையிட்டு வேலை வாங்குவது மற்றொரு முறை. இரண்டாவதற்கு உரிய இடமே முனையம் அல்லது கட்டளைத்திரை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி, உள்ளே இருக்கும் இயங்குதளத்திற்கு உணர்த்தும் நிரலுக்கு ‘ஷெல்’, அதாவது ஓடு, என்று பெயர். ஓடுகள் பல. அவற்றுள் பெரிதும் வழங்குவது பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்ட ‘பாஷ்’. ஆப்பிள் கணினிகளில் 2019 முதல் ‘இசட்ஷெல்’ இயல்பாக அமைகிறது. இங்கு யான் கூறவிருப்பவை இரண்டிற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கிரெப் இன்றும் நன்றாகவே உழைக்கிறது. எனினும் தமிழ்ப் பனுவலில் தேடுவதற்கு யான் பரிந்துரைப்பது அதன் வழித்தோன்றலாகிய ‘ரிப்கிரெப்’. ஆண்ட்ரூ கேலன்ட் என்பார் 2016இல் வெளியிட்ட இலவசக் கருவி இது. இதனை விரும்பக் காரணம் இரண்டு. கோப்புறை ஒன்றைக் காட்டினால் அதனுள் அடங்கிய கோப்புகள் அனைத்திலும் தானே புகுந்து தேடுகிறது. ஒருங்குறியைத் தொடக்கம் முதலே கருத்தில் கொண்டு எழுதப்பட்டமையால், புள்ளியையும் துணையெழுத்துகளையும் சொல்லின் உறுப்புகளாகவே மதிக்கிறது. சில நிரல்மொழிகளின் தேடல் வசதிகள் புள்ளியைக் கண்டதும் சொல் முடிந்தது எனக் கொண்டுவிடும். அவற்றிடம் ‘அன்பு’ என்னும் சொல் இரண்டாக உடைந்து போகும்.

நிறுவுதல் எளிது. உபுண்டு போன்ற லினக்ஸ் தளத்தில் முனையத்தைத் திறந்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ரிப்கிரெப்’ எனத் தட்ட வேண்டும். ஆப்பிள் கணினியில் ஓம்புரூ என்னும் நிறுவி இருப்பின் ‘புரூ இன்ஸ்டால் ரிப்கிரெப்’ போதும். விண்டோஸ் உடையோர், 2016 முதல் அதனுள்ளேயே லினக்சை இயக்கும் துணையமைப்பு இருத்தலால், அதனைச் செயற்படுத்தி முன்சொன்ன உபுண்டுக் கட்டளையையே இடலாம். மலரில் இக்கட்டளைகள் தமிழ் எழுத்தில் அச்சாகும். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுக. மடிக்கணினி வாங்க இயலாத மாணவ மாணவியர்க்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டெர்மக்ஸ்’ என்னும் முனையச் செயலியை நிறுவினால், அதனுள் ‘பிகேஜி இன்ஸ்டால் ரிப்கிரெப்’ எனக் கட்டளையிட்டு இதே கருவியைப் பெறலாம். சங்க இலக்கிய மூலம் முழுவதும் கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு ஒளிப்படங்களின் அளவே இடம் கொள்ளும். சிற்றூரிலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வரும் பெண் தன் பையில் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவற்றின் சொல்லடைவும் சுமந்து வரலாம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது.

நிறுவியதும் ‘ஆர்ஜி’ என இரண்டெழுத்தைத் தட்டுக. அதுவே இக்கருவியை விளிக்கும் பெயர். ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று ஓடு விடையிறுத்தால் அஞ்ச வேண்டா. கருவிகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என ஓடு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதற்குப் ‘பாத்’ என்று பெயர். அப்பட்டியலில் இல்லாத இடத்தில் கருவி கிடப்பின் ஓடு அதனை அறியாது. முனையத்தை மூடித் திறந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது அமைவு. பாஷ் ஓடு, புதிதாகத் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும், ‘பாஷ்ஆர்சி’ என்னும் கோப்பினைப் படித்துக்கொண்டே தொடங்குகிறது. இசட்ஷெல்லுக்கு ‘இசட்ஷ்ஆர்சி’. இக்கோப்பின் பெயர்க்கு முன்னே ஒரு புள்ளி உண்டு. தமிழில் புள்ளி பெற்ற எழுத்து உயிரின்றி நிற்கும். இங்கே புள்ளி பெற்ற கோப்பு கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும். கோப்புகளின் பட்டியலைக் கேட்டால் அது மறைக்கப்பட்டிருக்கும்; பெயர் சொல்லி அழைத்தால் திறக்கும். அதன் இறுதியில் ‘ஏலியஸ்’ என்னும் சொல்லால் ஒரு மாற்றுப்பெயரை வரையறுக்கலாம். மாற்றுப்பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்னும் விதி பாஷில் இல்லை. ‘தேடு’ எனப் பெயரிட்டு, அது ஆர்ஜியைக் குறிக்கும் என எழுதிவிட்டால், அன்று முதல் கணினி ‘தேடு’ என்ற தமிழ் ஏவலுக்குப் பணியும். கோப்பைத் திருத்திய பின் ‘சோர்ஸ்’ என்னும் கட்டளையால் அதனை மீளப் படிக்கச் செய்ய வேண்டும், அல்லது முனையத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும். திருத்தம் செய்தும் பயனில்லையே என வருந்துவோர் பெரும்பாலும் இவ்வோர் அடியைத் தவறவிட்டவரே.

ரிப்கிரெப்புக்கு எனத் தனி அமைவுக் கோப்பும் வைத்துக்கொள்ளலாம். அது இருக்கும் இடத்தை ஒரு சூழல் மாறியின் வாயிலாகப் பாஷ்ஆர்சியில் அறிவிக்க வேண்டும். அமைவுக் கோப்பில் வரிக்கு ஒரு விருப்பக்குறி. வரியெண் காட்டுக, கிடைத்த அடிக்கு முன்னும் பின்னும் ஓரடி சேர்த்துக் காட்டுக என இவ்விரண்டு போதும். செய்யுளில் ஓரடியைத் தனியே கண்டு பொருள்கொள்ளுதல் இடர் தருவது என்பதை இவ்வவையோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பற்றிய விருப்பக்குறிகளைக் கையேட்டில் காண்பீர்கள். தமிழுக்கு அத்தொல்லை இல்லையாதலால் தாண்டிச் செல்லலாம்.

ஆயின் ஒன்றைத் தாண்டிச் செல்லலாகாது. ரிப்கிரெப் நிரலாளர்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. ஆதலின், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும், விலக்குக எனத் தனிக்கோப்பில் பட்டியலிட்டவற்றையும், எழுத்துக் கோப்பு அன்று எனத் தனக்குத் தோன்றுபவற்றையும் அது தானாகவே விட்டுவிடுகிறது. விட்டுவிட்டேன் என்று சொல்வதும் இல்லை. நமக்கு வேண்டிய நூல் அவ்வாறு விடப்பட்டவற்றுள் இருப்பின், சொல் இருந்தும் விடை வாராது. இவ்விலக்குகளை நீக்க ‘யூ’ என்னும் விருப்பக்குறி உண்டு. ஒரு யூ பட்டியல் விலக்கை நீக்கும். இரண்டு மறைகோப்புகளையும் சேர்க்கும். மூன்று அடுக்கினால் எதனையும் விடாது. ஆய்வுக்காகத் தேடும்போது மூன்றையும் இடுதல் நலம். விடை வாராமைக்குரிய பிற காரணங்களுள் முதலாவது இது.

இரண்டாவது காரணம் பனுவல் சேர்ந்த வகையில் உள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் தந்த மின்னூல்கள் இல்லையேல் இன்று நாம் தேடுவதற்குப் பொருளே இராது. அத்தொடக்க ஆண்டுகளில் தமிழ் மின்னூல்கள் ‘திஸ்கி’ என்னும் குறியாக்கத்தில் அமைந்தன. பின்னரே ஒருங்குறிக்கு வந்தன. திஸ்கிக் கோப்பு ஒன்று நம் கோப்புறையில் கலந்திருப்பின், ஒருங்குறியில் தட்டிய சொல் அதனுள் ஒருபோதும் அகப்படாது. லினக்சில் இயல்பாகவே அமைந்துள்ள ‘ஐகான்வ்’ என்னும் கருவி திஸ்கியை அறியும். அதனைக் கொண்டு ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும். அச்சகங்கள் தத்தம் எழுத்துருவுக்கென வகுத்த குறியாக்கங்கள் வேறு; அவற்றுக்குத் தனி மாற்றிகள் வேண்டும். மின்னூல் எப்பதிப்பைத் தழுவியது என்பதும் நோக்கத்தக்கது. உ.வே.சா. அடிக்குறிப்பில் தந்த பாடவேறுபாடு மூலம் மட்டுமே தட்டச்சிட்ட கோப்பில் இராது.

மூன்றாவது காரணமே என் உரையின் நடுநாயகம். திருக்குறளின் 115ஆம் அதிகாரமாகிய அலரறிவுறுத்தலை எடுத்துக்கொள்வோம். ஊரார் பழிமொழியைக் குறிக்கும் ‘கௌவை’ என்னும் சொல் 1143, 1147, 1148, 1150 ஆகிய குறட்பாக்களில் பயில்கிறது. இடையில் 1144ஆம் குறளில் அதே சொல் ‘கவ்வை’ எனப் பல பதிப்புகளில் நிற்கிறது. கௌவை எனத் தேடினால் கருவி 1144ஐக் காட்டாது. அகரத்தோடு வகர மெய் சேர்ந்து ஔகாரம்போல் ஒலிக்கும் என்று நன்னூலார் விதித்ததை நாம் அறிவோம், கருவி அறியாது.

இவ்வளவுடன் முடியவில்லை. ஔகாரத் துணையெழுத்தின் பின்பகுதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், தட்டச்சிடுவோர் பலர் ஒற்றைக்கொம்பு இட்ட ககரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டிவிடுகின்றனர். ‘கௌவை’ என்பது ஒன்று. ‘கெளவை’ என்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; கணினிக்கோ முற்றிலும் வேறான இரு சொற்கள். இரண்டாம் வகையாகத் தட்டச்சிட்ட கோப்பில் முதல் வகையாகத் தேடினால் நான்கு குறட்பாக்களுள் ஒன்றுகூடக் கிடைக்காது. ‘கௌவை என்னும் சொல் திருக்குறளில் இல்லை’ என ஒருவர் எழுதிவிடலாம். அவர் கருவி அவரை மறுக்காது. ‘மௌனம்’ என்னும் சொல்லும் இவ்வாறே பல கோப்புகளில் பிழைபட்டுக் கிடக்கிறது.

இதற்கு மருந்து கருவியினுள்ளேயே உள்ளது. ஒரு சொல்லுக்குப் பதிலாகச் சொல்லின் வாய்பாட்டைத் தேடச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் இதனைத் தேடல் வாய்பாடு என அழைக்க விரும்புகிறேன். தேமா, புளிமா என்னும் வாய்பாடு எண்ணற்ற சீர்களைத் தன்னுள் அடக்குவதுபோல இதுவும் அடக்கும். வட்ட அடைப்புக்குள் ‘கௌ’, ‘கெள’, ‘கவ்’ என மூன்றையும் நிலைக்கோட்டால் பிரித்து எழுதி, அடைப்புக்கு வெளியே ‘வை’ என முடித்தால், மூன்றில் எது வரினும் கருவி பிடித்துத் தரும். முதலாவது ஏட்டின் வழக்கு, இரண்டாவது தட்டச்சாளர் பிழை, மூன்றாவது நன்னூலார் விதி. வாய்பாட்டை ஒற்றை மேற்கோளுக்குள் இடுதல் இன்றியமையாதது. இல்லையேல் அடைப்புக்கும் நிலைக்கோட்டுக்கும் ஓடு தானே வேறு பொருள் கொண்டு இடர் விளைவிக்கும்.

புள்ளியின் நிலையையும் இங்கே கருத வேண்டும். நம் இலக்கணத்தில் மெய் முதலாவது. அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும். ஒருங்குறியில் முறை தலைகீழ். அகரம் ஏறிய ‘ழ’ அடிப்படை எழுத்து. புள்ளி அதன் பின்னர் வரும் தனிக்குறி. ஆகவே ‘தமிழ்’ எனப் புள்ளியிட்டுத் தேடினால் தமிழகம், தமிழர், தமிழை ஆகியன அகப்படா. புள்ளியை நீக்கித் ‘தமிழ’ எனத் தேடினால் தமிழ், தமிழன், தமிழின் யாவும் அகப்படும். திருக்குறளில் ‘தமிழ்’ என்னும் சொல் இல்லை என்பது நெடுநாள் வழங்கிவரும் செய்தி. அதனைச் சோதிக்க விரும்புவோர் புள்ளி நீக்கியே தேட வேண்டும். அவ்வாறு தேடியும் விடை வாராதபோது அச்செய்தி உறுதிப்படுகிறது.

உயிரில் தொடங்கும் சொற்களோ இன்னும் கடினம். ‘நல்லூர்’ என்பதில் ஊர் இருக்கிறது. ஆனால் ஊகார உயிரெழுத்து இல்லை, லகரத்தின்மேல் ஏறிய துணையெழுத்தே உள்ளது. ‘ஊர்’ எனத் தேடினால் நல்லூர் வாராது. சீர் பிரித்து அச்சிட்ட திருக்குறட் பதிப்புகளில் 1106ஆம் குறளின் ‘அமிழ்து’, முன்சொல்லின் ஒற்றோடு கூடிக் ‘கமிழ்து’ எனத் தொடங்கி நிற்கும். அகரத்தை விடுத்து ‘மிழ்த’ என நடுவிலிருந்து தேடுவோர்க்கே அது கிட்டும். ஊர் போன்ற குறுஞ்சொற்களுக்குச் சதுர அடைப்புக்குள் ஊகார உயிரையும் அதன் துணையெழுத்தையும் இட்டு, பின் ‘ர்’ சேர்க்கலாம். அப்போது கூர், தூர் என வேண்டாதனவும் வந்து குவியும். அவற்றைக் களைவது கண்ணும் பயிற்சியும் செய்ய வேண்டிய வேலை. லகர ளகர மெய்கள் திரியும் இடங்கள் மற்றொரு கூட்டம். ‘கல்’ என்பதைத் தேடுவோர் ‘கற்’ என்பதையும், ‘முள்’ என்பதைத் தேடுவோர் ‘முட்’ என்பதையும் வாய்பாட்டில் சேர்க்க வேண்டும். அளபெடையும் அவ்வாறே. 1143ஆம் குறளின் முதற்சொல்லில் ஆகாரம் அளபெடுத்து, அதன் அறிகுறியாக அகரம் நிற்கிறது. அவ்வகரத்தை அடுத்து ஒரு வினாக்குறி இட்டால், அது இருப்பினும் இல்லாவிடினும் ஏற்க என்பது பொருள். வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களில் பிளவுபட்டுக் கிடக்கும் இடங்களில் இடைவெளியையும் இவ்வாறு ஏற்கச் செய்யலாம்.

இவ்வாய்பாடுகளை எழுதத் தெரிந்தவர் யார்? கருவியைச் செய்தவர் நம் புணர்ச்சி விதிகளை அறியார். நிரல் கற்ற மாணவரும் நன்னூல் படித்தாலன்றி ‘கவ்’ என்பதைச் சேர்க்க நினையார். எழுத்ததிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துவோர்தாம் இதற்கு உரியவர். தேர்வுக்குப் பின் மறக்கப்படும் பகுதி என நாமே அலுத்துக்கொள்ளும் புணரியல் நூற்பாக்கள் ஒவ்வொன்றும் இங்கு நேரடியாக ஒரு தேடல் வாய்பாடாக மாறுகின்றன. அண்மையில் என் வகுப்பில் உருபுணர்ச்சி கற்ற மாணவியர் சிலர், ஒவ்வொரு விதிக்கும் ஒரு வாய்பாடு எழுதிப் பாஷ்ஆர்சியில் தனித்தனிப் பெயரிட்டு வைத்துக்கொண்டனர். நூற்பாவை அவர்கள் நினைவில் கொண்ட விதம் மனப்பாடத்தினும் உறுதியாக இருந்தது.

சொற்களை எண்ணும் வேலையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1973இல் டக் மக்கில்ராயின் வற்புறுத்தலால் யூனிக்சில் ‘குழாய்’ என்னும் வசதி வந்தது. ஒரு கருவியின் விடையை மற்றொரு கருவிக்குள் பாய்ச்சுவது அது. நிலைக்கோடே அதன் குறி. ரிப்கிரெப்பிடம் தமிழெழுத்துத் தொடர்களை மட்டும் வரிக்கொன்றாகத் தரச் சொல்லி, அதனை வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கருவிக்கும், ஒத்தவற்றை எண்ணும் ‘யூனிக்’ கருவிக்கும் பாய்ச்சினால், ஒரு நூலின் சொல்லெண்ணிக்கை நொடிகளில் கிடைக்கும். இவ்விடத்து அமைவுக் கோப்பைக் கருதவேண்டா எனக் கூறும் விருப்பக்குறியையும் இடுக. அன்றேல் முன்பின் அடிகளும் கலந்து எண்ணிக்கை கெடும். வரிசையிலும் ஒரு சிக்கல். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் அமர்ந்துள்ளன. வெறும் எண் முறையில் வரிசைப்படுத்தினால், தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்களின் இறுதியில் நிற்கும் னகரம் நடுவே வந்துவிடும். கணினியின் மொழியிடத்தைத் தமிழ் என அமைத்தால் பெரும்பாலும் சீர்படும். மெய்யெழுத்து அகரத்துக்கு முன் நிற்கிறதா என்பதை மட்டும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

முனையத்தில் தமிழ் அழகாகத் தோன்றுவதில்லை என்ற குறையை மறைப்பதற்கில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் எனக் கொள்ளும் திரைகளில் கொம்பும் காலும் இடம் மாறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் காட்சி தரும். முதன்முறை காண்போர் கோப்பே கெட்டுவிட்டது எனக் கலங்குவர். கெடவில்லை, விடையை ஒரு கோப்பில் எழுதச் செய்து, பதிப்பானில் திறந்து படித்தால் எழுத்துகள் ஒழுங்காக இருக்கும்.

‘இணையத்தில் தொடரடைவுகள் உள்ளனவே, இத்துணைத் தொல்லை எதற்கு?’ எனக் கேட்கலாம். உள்ளன, முனைவர் ப. பாண்டியராஜா அவர்களின் தொடரடைவு தமிழாய்வாளர் அனைவரும் நன்றி பாராட்ட வேண்டிய பேருழைப்பு. சங்க இலக்கியத்தில் ஒரு சொல்லின் இடம் காண விரும்புவோர் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும். ஆனால் நாட்டார் பாடல் தொகுப்போ, தலபுராணமோ, ஓர் இதழின் பழைய படிகளோ ஆய்வுப் பொருளாகும்போது, அதற்கு எவரும் அடைவு செய்து வைத்திருக்க மாட்டார். மாணவரே தட்டச்சிட்டுத் தாமே தேட வேண்டும். பல்கலைக்கழகங்களில் இன்று அத்தகைய தலைப்புகளே மிகுதி.

ஆகவே ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல் ஒன்று இல்லை என்றோ, இத்தனை முறை வந்துள்ளது என்றோ ஆய்வேட்டில் எழுதும் மாணவர், தாம் தேடிய கோப்பு எப்பதிப்பைத் தழுவியது, இட்ட கட்டளை யாது, வாய்பாட்டில் எவ்வெத் திரிபுகளைச் சேர்த்தார் என்பவற்றைப் பின்னிணைப்பில் தர வேண்டும் எனக் கேளுங்கள். கட்டளை ஒரே வரிதான். அவ்வரியை மற்றொருவர் தம் கணினியில் இட்டு அதே விடை பெறுகிறாரா எனச் சோதிக்கலாம். வாய்மொழித் தேர்வில் ‘கவ்வை எனத் தேடினீர்களா?’ என ஒரு வினா எழுந்தால் மாணவரிடம் விடை இருக்கும். தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை இட்டு மூடிவிட்டவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

மடிக்கணினியோ ஆண்ட்ராய்டு கைப்பேசியோ கொண்டு வந்திருப்போர், தேநீர் இடைவேளைக்குப் பின் அரங்கின் பின்வரிசைக்கு வருமாறு அழைக்கிறேன். என் மாணவியர் மூவர் நிறுவுதலுக்கு உதவ இசைந்துள்ளனர். திருக்குறள் மூலம் எழுத்துக் கோப்பாக அவர்களிடம் உள்ளது. அதனை ஒருமுறை ‘கௌவை’ என்றும், மறுமுறை வாய்பாடு இட்டும் தேடிப் பார்க்கலாம்.